சோர்ட் எம்5 மென்பொருள் பட்டியல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

1982 கடைசியில் ஜப்பானில் வீட்டுக்கு ஒரு கணினி வாங்கலாம் என்று கிளம்பியவருக்குத் தேர்வுக்குப் பஞ்சமில்லை. என்இசி, ஷார்ப், ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி என்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் களத்தில் இருந்தன. பொம்மை நிறுவனமான டோமியும் ப்யூட்டா என்ற கணினியோடு வந்து நின்றது. அந்த நெரிசலில் வந்ததுதான் எம்5. செய்தது சோர்ட் நிறுவனம். 1970இல் டோக்கியோவில் தொடங்கிய சோர்ட், அலுவலகக் கணினிகளில் பெயர் எடுத்திருந்தது. வீட்டுச் சந்தை அதற்குப் பழக்கமில்லாத இடம். டக்காரா என்ற இன்னொரு பொம்மை நிறுவனமும் இதே இயந்திரத்தை 'கேம் கணினி' என்று விற்றது.

எம்5இன் விலை 49,800 யென். உள்ளே 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80ஏ செயலி, 4 கேபி நினைவகம், படத்துக்கென்று தனியாக 16 கேபி, டிஎம்எஸ்9918 பட சில்லு, எஸ்என்76489 ஒலி சில்லு. அடுத்த ஆண்டே காற்று திசை மாறிவிட்டது. 1983 ஜூனில், பல நிறுவனங்களின் வீட்டுக் கணினிகளுக்கும் பொதுவான எம்எஸ்எக்ஸ் தரநிலையை அறிவித்தார்கள். ஜூலை 15 அன்று ஒரே நாளில் இரண்டு விளையாட்டுக் கருவிகள், நிண்டெண்டோவின் ஃபேமிகாம் 14,800 யெனுக்கும், சேகாவின் எஸ்ஜி-1000 15,000 யெனுக்கும் கடைக்கு வந்தன. விளையாட்டுக்காக மட்டும் வாங்குகிறவர் எம்5க்கு மூன்று மடங்கு விலை கொடுக்க இனிக் காரணமே இல்லை. 1985இல் சோர்ட் தோஷிபாவின் கைக்குள் போனது.

ஆயுள் குறைவு என்பதால் எம்5க்கு வந்த மென்பொருள்களும் குறைவு. அதனாலேயே 'முழுப் பட்டியல் போட்டுவிடலாம்' என்று எவருக்கும் தோன்றும். அப்படித் தோன்றிய மூவர் சேர்ந்து செய்த வேலையின் பதிவு இது. ஒருவர் ஜப்பானில் வேலை பார்ப்பவர், பழைய இதழ்களைத் தேடிப் படிப்பவர். இன்னொருவர் செக் நாட்டுக்காரர், எம்5ஐச் சிறுவயதிலிருந்தே பிரித்து மேய்ந்தவர். மூன்றாமவர் பட்டியலைத் தொகுத்தவர். கடைசிக் கட்டச் சரிபார்ப்பில் நானும் இருந்தேன்.

கையில் இருந்தது என்ன

தொடக்கத்தில் மூன்று வகைச் சரக்கு இருந்தது: வலையில் பலர் பகிர்ந்து வைத்திருந்த கார்ட்ரிட்ஜ் (கணினியில் செருகும் மென்பொருள் பெட்டி) பிரதிகள், ஜப்பானிய ஏலத்தளத்தில் வாங்கிய சில கேசட் நாடாக்கள், ரசிகர்கள் அவரவர் தயாரித்த பழைய பட்டியல்கள். இந்தப் பழைய பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை என்பது சீக்கிரமே தெரிந்தது. ஒரு பட்டியலில் இருந்த எழுத்துப் பிழை அப்படியே மற்ற இரண்டிலும் இருந்தது. பார்வைக்கு மூன்று சாட்சிகள். உண்மையில் ஒரே சாட்சிதான்.

பெயர்களிலும் குழப்பம். கோனாமி என்ற ஆட்ட நிறுவனத்தின் ரயில் ஆட்டம் ஒன்று ஜப்பானில் 'கத்தான் கோத்தோன்', வெளிநாட்டில் 'லோக்கோமோஷன்'. இப்படி ஒரே ஆட்டம் இரண்டு வரிகளில் இரண்டு ஆட்டமாக உட்கார்ந்திருக்கும். பிரிட்டனில் சிஜிஎல் என்ற நிறுவனம் எம்5ஐத் தன் பெயரில் விற்றதால், ஒரே பொருளுக்கு இரண்டு உறைகள் இருந்த இடங்களும் உண்டு.

முதல் முடிவு: எதைச் சான்று என்று ஏற்பது

'இது வெளிவந்ததா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்களை வைத்துக்கொண்டு பட்டியல் போட முடியாது என்று குழு முடிவு செய்தது. அதற்குப் பதிலாக மூன்று படிகள் வைத்தார்கள். பொருளை யாரோ கையில் வைத்துப் படம் எடுத்திருந்தால் முதல் படி. நிறுவனத்தின் விலைப்பட்டியலிலோ இதழ் விமர்சனத்திலோ விளையாடிப் பார்த்ததற்கான விவரம் இருந்தால் இரண்டாம் படி. விளம்பரத்தில் பெயர் மட்டும் இருந்தால் மூன்றாம் படி.

விளம்பரத்தைக் கடைசிப் படியில் வைத்ததற்குத் தொகுத்தவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இதழில் அச்சானதை நம்பாமல் வேறு எதை நம்புவது என்பது அவர் வாதம். இதழ் படிப்பவர் ஒரு விளம்பரப் பக்கத்தைக் காட்டியதும் பேச்சு அடங்கியது. அதில் சில ஆட்டங்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் ஆட்டத் திரையின் புகைப்படமும் விலையும் இருந்தன. மற்ற சிலவற்றின் பக்கத்தில் 'விரைவில்' என்ற சொல்லும் கையால் வரைந்த ஓவியமும் மட்டுமே இருந்தன. ஓவியம் இருந்த பெயர்களில் சில அதற்குப் பிறகு எந்த இதழிலும் தலைகாட்டவே இல்லை. அந்தக் காலத்தில் ஆட்டம் எழுதி முடிப்பதற்கு முன்பே விளம்பரத்துக்கு இடம் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் இதில் ஏமாற்று வேலை எதையும் தேட வேண்டியதில்லை.

தேதியிலும் எச்சரிக்கை வேண்டியிருந்தது. ஜப்பானிய மாத இதழ்கள் அட்டையில் போட்ட மாதத்துக்கு முந்தைய மாதமே கடைக்கு வந்துவிடும். அக்டோபர் இதழில் ஒரு ஆட்டத்தின் விமர்சனம் வந்திருந்தால், அதை எழுதியவர் கோடையிலேயே விளையாடி முடித்திருப்பார். ஆகவே 'வெளியீட்டு மாதம்' என்ற பத்தியை எடுத்துவிட்டு, 'முதலில் காணப்பட்ட இதழ்' என்று வைத்தார்கள். பார்க்கக் கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பொய் சொல்லாது.

நூலகம்

இதழ்களுக்கு டோக்கியோ நாகாதாச்சோவில் உள்ள தேசிய டயட் நூலகம்தான் வழி. வெளியாகும் இதழ்களைச் சட்டப்படி அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதால் 1980களின் கணினி இதழ்கள் அங்கே நன்றாகவே சேர்ந்திருக்கின்றன. மென்பொருளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிடி-ரோம் போன்ற மின்னணு வெளியீடுகள் அந்தச் சட்டத்துக்குள் வந்ததே 2000 அக்டோபரில்தான். 1983இல் கடையில் விற்ற கேசட்டை எந்த நூலகத்துக்கும் அனுப்பச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

வெளியூரிலிருந்து நகல் கேட்டுப் பெறும் வசதி நூலகத்தில் உண்டு. ஆனால் எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். விளம்பரங்களோ பொருளடக்கத்தில் வருவதில்லை! அதனால் ஜப்பானில் இருந்தவர் நேரில் போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதாயிற்று. விடுமுறை நாட்களைப் பெரும்பாலும் அதற்கே கொடுத்தார். இந்தப் பட்டியலில் நம்பத்தகுந்தது எவ்வளவோ, அதில் பெரும்பங்கு அவருடைய பொறுமை.

நாடாக்கள்: மூன்று பேசிக், ஒரே துளை

எம்5இல் பேசிக் என்ற நிரல் எழுதும் மொழி கணினிக்குள் இல்லை. அது தனிக் கார்ட்ரிட்ஜாக வந்தது. அதிலும் மூன்று வகை: முழு எண்களை மட்டும் கையாளும் 'ஐ', படமும் ஸ்ப்ரைட்டும் (திரையில் நகரும் சிறு உருவம்) கையாளும் 'ஜி', பதின்மக் கணக்கு தெரிந்த 'எஃப்'. கார்ட்ரிட்ஜ் செருகும் துளையோ ஒன்றே ஒன்று. எந்தப் பேசிக்கில் எழுதிய நிரலோ, அந்தப் பேசிக்கைச் செருகித்தான் அந்த நாடாவை ஓட்ட வேண்டும்.

ஏலத்தில் வந்த நாடா ஒன்றை முந்தைய பட்டியல்காரர் 'பழுது' என்று குறித்திருந்தார். குழு அதை மறுபடி எடுத்துப் பார்த்தது. நாடாவை ஹெட்டோடு (நாடாவைப் படிக்கும் முனை) அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு பசை விட்டுக் கழன்று, உறைக்குள்ளேயே கிடந்தது. வேறொரு கேசட் உறையைத் திறந்து, நாடாவை அதற்கு மாற்றி, ஹெட்டின் சாய்வைக் காதால் கேட்டே சரிசெய்து, கணினியில் ஒலிக் கோப்பாகப் பதிந்தார்கள். முதல் ஓட்டத்தில் கிடைத்த பைட்டுகளை இரண்டாம் ஓட்டத்தோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் இல்லை. சரி, நாடா நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் நிரல் ஓடவில்லை.

செக் நண்பர் நிரலின் வரிகளைப் பார்த்த உடனே, 'ஜி' கார்ட்ரிட்ஜைப் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டதும் ஓடியது. முந்தையவர் கையில் 'ஐ' மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து பட்டியலில் ஒவ்வொரு நாடாவுக்கும் எதிரே 'தேவைப்படும் பேசிக்' என்ற பத்தி வந்தது. இதனால் மட்டும் 'பழுது' என்று ஒதுக்கப்பட்ட வேறு சில நாடாக்களும் உயிர்பெற்றன.

அதே நாடாவின் தாள் உறையில் பென்சிலால் '58.7' என்று இருந்தது. இது ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஷோவா 58, அதாவது 1983, ஜூலை. ஆனால் இது நாடாவை வைத்திருந்தவர் எழுதியது. வாங்கிய தேதியா, பதிவு செய்த தேதியா, தன் நிரலை எழுதி முடித்த தேதியா என்பது அதில் இல்லை. உறையில் உள்ளதை உள்ளபடி குறித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே இருந்த நிரல் ஒரு இதழில் அச்சான நிரல் வரிகளைத் தட்டச்சு செய்தது என்பது பின்னால் தெரிந்தது. அந்தக் காலத்து வீட்டுக் கணினி மென்பொருளில் பெரும்பங்கு இந்த வகைதான்: கடையில் வாங்கியதல்ல, இதழைப் பக்கத்தில் வைத்துப் பையன்கள் தட்டியது. அவற்றுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கினார்கள்.

'தொலைந்த ஆட்டம்'

வேலை பாதி முடிந்த நிலையில் ஜப்பானிலிருந்து ஒரு சேகரிப்பாளர் தொடர்பு கொண்டார். பெட்டியோ லேபிளோ இல்லாத ஒரு கார்ட்ரிட்ஜை ஏலத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) அழகாக ஓடுகிறது. எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. 1983இல் முடித்து, விற்பனைக்கு வராமல் போன ஆட்டம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதன் பிரதியையும் அனுப்பி வைத்தார்.

குழுவில் உற்சாகம் தாங்கவில்லை. இப்படிப்பட்ட ஒன்றுக்காகத்தானே எல்லோரும் இதில் இறங்குகிறார்கள். இருந்தாலும் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் அசல் இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்கெனவே விதி போட்டிருந்தார்கள். செக் நண்பர் நினைவக விரிவாக்கம் எதுவும் இல்லாத எம்5 ஒன்றில் போட்டார். தலைப்புத் திரை வந்தது. ஆட்டம் தொடங்கியதும் திரையில் குப்பை.

ஏன் என்று பார்க்க எம்5இன் நினைவக வரைபடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 0 முதல் 8191 வரை இயந்திரத்தின் சொந்த ரோம் (படிக்க மட்டும் முடிகிற நினைவகம்). 8192 முதல் 28671 வரை கார்ட்ரிட்ஜ். 28672 முதல் 32767 வரை அந்த 4 கேபி ராம் (எழுதவும் முடிகிற நினைவகம்). அதற்கு மேலே, விரிவாக்கப் பெட்டி வாங்காதவருக்கு, ஒன்றுமில்லை. இந்தக் கார்ட்ரிட்ஜ் தன் கணக்குவழக்குகளை எல்லாம் 49152ஆம் முகவரியில் எழுதியது. எழுதியது போன இடம் தெரியாது, படிக்கும்போது வருவது குப்பை. சேகரிப்பாளரின் எமுலேட்டரில் முழு நினைவகமும் இருப்பதாக அமைத்திருந்ததால் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

இது சந்தேகத்தின் முதல் இழை. 1983இல் கடையில் விற்க ஆட்டம் எழுதுகிற ஒருவர், வாங்குகிற எல்லோரிடமும் விரிவாக்கப் பெட்டி இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார். அந்த 4 கேபிக்குள் அடக்குவதுதான் அவருடைய தொழிலே.

49152 என்ற எண்ணைச் செக் நண்பருக்கு வேறு இடத்தில் பழக்கம். சேகாவின் எஸ்ஜி-1000இல் ராம் தொடங்கும் முகவரி அதுதான். எம்5, எஸ்ஜி-1000, எம்எஸ்எக்ஸ், கோலெகோவிஷன் என்ற விளையாட்டுக் கருவி நான்கும் ஒரே குடும்பம் மாதிரி: இசட்80, அதோடு டிஎம்எஸ்9918 வகைப் பட சில்லு. முதல் இரண்டில் ஒலி சில்லுகூட ஒன்றேதான். ஒன்றில் எழுதிய ஆட்டத்தை இன்னொன்றுக்கு மாற்ற, சில்லுகளோடு பேசும் போர்ட் எண்களை மாற்றி, நிரலைப் புது முகவரிக்கு நகர்த்தினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. எஸ்ஜி-1000இல் பட சில்லுக்கு 190, 191. எம்5இல் 16, 17. இந்தக் கார்ட்ரிட்ஜில் 16, 17 என்றுதான் இருந்தது, மாற்றியவர் ஒழுங்காகவே மாற்றியிருக்கிறார். ஆனால் எங்கிருந்தும் அழைக்கப்படாமல் கிடந்த ஒரு துணுக்கு 220ஆம் போர்ட்டைப் படிக்கச் சொன்னது. எஸ்ஜி-1000இன் ஜாய்ஸ்டிக் அங்கேதான் இருக்கிறது. எம்5இல் அந்த எண்ணில் எதுவுமே இல்லை. எம்5இன் ஜாய்ஸ்டிக்குக்கு என்று புதிதாக ஒரு துணுக்கு எழுதிச் சேர்த்துவிட்டு, பழையதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பிறகு தேடுவது எளிது. எஸ்ஜி-1000 ஆட்டங்களின் படத் தரவோடு ஒப்பிட்டதும் அசல் கிடைத்தது. தலைப்புத் திரையின் எழுத்துகள் மட்டுமே வேறு.

சேகரிப்பாளரிடம் சொல்வது

தொகுத்தவர் உடனே எல்லாவற்றையும் எழுதி வெளியிட நினைத்தார். மற்ற இருவரும் தடுத்தார்கள். முதலில் சேகரிப்பாளருக்குத் தனியாகச் சொல்வது, பதில் வந்த பிறகே மற்றது என்று முடிவானது. பணம் கொடுத்து ஏமாந்தவர் அவர். ஊரறிந்த பிறகு அவருக்குத் தெரிவது முறையில்லை. இன்னொரு காரணமும் இருந்தது: கார்ட்ரிட்ஜ் அவர் கையில்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க அவர் மனம் வைக்க வேண்டும்.

நினைவக வரைபடத்தையும் 220ஆம் போர்ட் துணுக்கையும் படத்தோடு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் பதில் இல்லை. அப்புறம் வந்த பதிலில் வாக்குவாதம் எதுவும் இல்லை, நான்கு புகைப்படங்கள் இருந்தன. கார்ட்ரிட்ஜைத் திறந்திருந்தார். உள்ளே புற ஊதா ஒளியால் அழித்து எழுதக்கூடிய, கண்ணாடிச் சன்னல் வைத்த இப்ராம் சில்லு. சன்னல்மேல் ஒட்டிய தாளில் கையெழுத்து. சில்லின் மேல் அச்சான தேதிக் குறியீடு 89இல் தொடங்கியது, அதாவது 1989இல் செய்த சில்லு. சோர்ட் தோஷிபாவிடம் போய் நான்கு ஆண்டுகள் கழித்து!

சில்லின் தேதி 'இதற்கு முன் இல்லை' என்பதை மட்டும்தான் சொல்லும், எழுதியது எப்போது என்பதைச் சொல்லாது. ஆனால் சுற்றுப் பலகையின் படத்தைப் பார்த்ததும் செக் நண்பர் அடையாளம் கண்டுகொண்டார். 1980களின் பிற்பகுதியில் செக்கோஸ்லோவாக்கியாவில் எம்5க்குத் தீவிரமான பயனர் கூட்டம் இருந்தது. ஜப்பானில் கைவிடப்பட்ட இயந்திரத்துக்கு அங்கே நினைவகத்தைக் கூட்டினார்கள், வட்டு இணைத்தார்கள், சிபி/எம் இயங்குதளத்தைக்கூட ஓட்டினார்கள். பிர்னோ நகரத்தில் உருவான மாற்றம் ஒன்று எமுலேட்டரில் தனி இயந்திரமாகவே இடம்பெற்றிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு 49152ஆம் முகவரியில் ராம் இருப்பது சாதாரணம். அதனால்தான் மாற்றியவர் அந்த எண்ணைத் தொடவே இல்லை.

நண்பர் தன் பழைய வட்டத்தில் விசாரித்ததில், தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக இந்த மாற்றத்தைச் செய்தவரே கிடைத்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. தன் கோப்போடு எஸ்ஜி-1000இலிருந்து மாற்றியது என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார். கைமாறிக் கைமாறி வந்ததில் குறிப்பு உதிர்ந்துவிட்டது, ஆட்டம் மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கார்ட்ரிட்ஜ் எப்படி ஜப்பானிய ஏலத்துக்கு வந்தது, 'வெளிவராத ஆட்டம்' என்ற கதையை யார் கட்டினார்கள் என்பதைக் குழு துருவவில்லை. பட்டியலுக்கு அது தேவையில்லை என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் சரியாகவே படுகிறது.

உரிமை பற்றிய முடிவு

கோப்புகளையும் பட்டியலோடு சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஜப்பானில் பதிப்புரிமைக் காலம் 2018 கடைசியில் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாகிவிட்டது. நிறுவனத்தின் பெயரில் 1983இல் வெளியான ஒன்று 2053 முடியும் வரை உரிமைக்குள் இருக்கும். அனுமதி கேட்கலாம் என்றால், யாரிடம்? சோர்ட் தோஷிபாவுக்குப் போனது. டக்காராவும் டோமியும் 2006இல் ஒன்றாகிவிட்டன, 1982இல் எதிரெதிரே நின்ற எம்5உம் ப்யூட்டாவும் இப்போது ஒரே நிறுவனத்தின் பழைய கணக்கில் இருக்கின்றன. ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திரம்) ஆட்டங்களிலிருந்து வந்தவற்றின் உரிமை வேறு கைகளில். ஆகவே பட்டியலும் விவரங்களும் பொதுவில், கோப்புகள் இல்லை என்று முடிவு செய்தார்கள். பதிவு செய்த நாடாக்களின் ஒலிக் கோப்புகளை ஒரு பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. டோக்கியோவில் 2011 முதல் இயங்கும் விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கம் போன்றவை இருப்பதால் போக்கிடத்துக்குப் பஞ்சமில்லை.

விளைவு

பட்டியல் முடிந்தபோது பழைய பட்டியல்களைவிடச் சிறியதாக இருந்தது. இரட்டைப் பெயர்கள் ஒன்றாகின. விளம்பரத்தில் மட்டும் கண்ட பெயர்கள் நீங்கவில்லை, மூன்றாம் படியில் தனியாக நிற்கின்றன. கோனாமியின் 'சூப்பர் கோப்ரா' மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாதவை முதல் படியில். பின்னாளில் மாற்றியவற்றுக்கு என்று புதிய பிரிவு ஒன்று உருவானது, அதன் முதல் வரி அந்த 'தொலைந்த ஆட்டம்'. மாற்றியவரின் விருப்பப்படி அவர் பெயர் இல்லாமல், செக்கோஸ்லோவாக்கியா, 1989 அல்லது அதற்குப் பின் என்று மட்டும் குறித்திருக்கிறார்கள். சேகரிப்பாளர் கார்ட்ரிட்ஜை விற்கவில்லை. தன் வாங்கல் விவரத்தைப் பட்டியலில் சேர்க்கச் சம்மதித்தார்.

வலையில் இரண்டு இடங்களில் அந்த ஆட்டம் இன்னும் '1983, வெளியிடப்படாதது' என்றே இருக்கிறது. திருத்தம் அனுப்பியாயிற்று.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

அசல் இயந்திரத்தில், அதுவும் விரிவாக்கம் இல்லாத நிலையில், ஓட்டிப் பார்ப்பதை எல்லாக் கார்ட்ரிட்ஜுக்கும் முதல் நாளே செய்ய வேண்டும். இங்கே புதிதாக வந்தவற்றுக்கு மட்டுமே செய்தார்கள். ஏற்கெனவே வலையில் இருந்தவற்றைப் பின்னால் அப்படி ஓட்டியபோது இன்னும் சில ஆட்டங்கள் 4 கேபிக்கு மேலே கைநீட்டுவது தெரிந்தது. அவற்றின் ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. அசல் இயந்திரம் கிடைக்காதவர்கள் எமுலேட்டரில் ராமை 4 கேபிக்குக் குறைத்துவிட்டாவது ஓட்ட வேண்டும்.

கோப்போடு வரும் உரைக் குறிப்புகள், உறைப் படங்கள், அனுப்பியவரின் கடிதம் எல்லாம் கோப்பின் பகுதியாகவே சேமிக்கப்பட வேண்டும். பெயர் மாற்றி அடுக்கும்போது முதலில் உதிர்வது அவைதான். நூலக வேலையை ஒருவர் தலையில் மட்டும் கட்டாமல், எந்த இதழ் எந்த மாதம் வரை புரட்டியாயிற்று என்ற பதிவேடு தொடக்கத்திலேயே வேண்டும். விளம்பரம் இல்லை என்று தெரிந்த இதழ்களையும் அதில் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொருவர் வந்து அதே பக்கங்களை மறுபடி புரட்டுவார்.